தொடாமல் கற்பிக்க முடியாத பாடம்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் ஓட்டம் கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. எல்லாரும் வலது கையை நீட்டுங்க. இடது கையால, முழங்கைக்கு நாலு விரல் கீழே, உள்பக்கமாப் பிடிங்க. அழுத்திப் பிடிங்க. இப்ப வலது கை விரல்களை மடக்கி மடக்கி விரிங்க. பிடிச்ச இடத்துல ஏதோ புரளுது இல்லையா? தோலுக்கு அடியில எலி ஓடுற மாதிரி. கையைத் திருப்பி மேல்பக்கம் பிடிச்சுப் பாருங்க. விரல் விரியும்போது அங்கேயும் புரளும்.

விரலுக்குள் தசை கிடையாது. உள்ளங்கையில் சில சின்னத் தசைகள் இருக்கு, சரி. ஆனால் பிடிக்கிற பலத்தின் பெரும்பகுதி இருப்பது முன்கையில்தான். அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்கு ஓடுகின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று கயிறு இழுக்கிற மாதிரி. கதிரடிக்கிற எந்திரமோ, கரும்பு ஆட்டுற எந்திரமோ, அரிவாளோ மணிக்கட்டோடு கையைக் கொண்டுபோய்விட்டால், போனது பொம்மை. ஆட்டுகிறவன் உள்ளேதான் இருக்கிறான். மூளையிலிருந்து 'மடக்கு' என்று உத்தரவு வருகிறது, தசை சுருங்குகிறது, இழுப்பதற்கு மட்டும் எதுவும் இல்லை.

இந்த ஆட்டுகிறவனுக்கு வேறொரு பொம்மையைக் கொடுத்து, அதை ஆட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் நான் செய்கிற வேலை. நான் மருத்துவன் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கை இழந்தவர்களும் சிலர் வந்து கற்றுக்கொள்கிறார்கள். அறிவியல் கூட்டத்தில் பேச வேண்டியதை இந்த மேடையில் ஏன் பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

தசை சுருங்கும்போது அதில் மின்சாரம் ஓடுகிறது. ரொம்ப ரொம்பக் குறைவு. தோலின் மேல் வைத்து அளந்தால் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சமயத்தில் அதிலும் நூறில் ஒரு பங்கு. நம்ம வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். திருவிழாவில் மைக் செட் அலறும்போது மூலையில் ஒரு குழந்தை முனகுவதைக் கேட்கணும், அந்த மாதிரி வேலை. தோலில் இரண்டு எலெக்ட்ரோடு ஒட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து ஆயிரம் மடங்கு பெருக்கினால் அந்த முனகல் திரையில் தெரியும். தசையை இறுக்கினால் கோடு சீறி எழும்பும். தளர்த்தினால் படுத்துவிடும். கோடு ஒரு அளவைத் தாண்டினால் மோட்டார் ஓடணும், விரல் மூடணும். அவ்வளவுதான் தத்துவம்.

தசைக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்று இத்தாலியில் கால்வானி தவளைக் காலை வைத்துச் செய்த சோதனைகளை 1791-லேயே வெளியிட்டுவிட்டார். அதை வைத்து ஒரு கையை இயக்க இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ரைட்டர் என்பவர் 1948-ல் அப்படி ஒரு கையை அறிவித்தார். வால்வு போட்ட ரேடியோ காலம் அது. எடுத்துக்கொண்டு நடக்க முடியாது, வேலை மேசையோடு கட்டிப்போட்ட கை. 1960 வாக்கில் சோவியத்தில் கோப்ரின்ஸ்கி குழுவினர் டிரான்சிஸ்டர் வைத்து, பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிற கையைச் செய்தார்கள். இந்தத் துறைக்குப் பணம் வந்த காலங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு போர் முடிந்த காலமாக இருக்கும். சிப்பாயின் கைக்கு அரசாங்கம் கடன்பட்டிருப்பதாக உணர்கிறது. களத்துமேட்டில் போன கைக்கு அப்படி உணர்ந்த அரசாங்கத்தை நான் இன்னும் பார்க்கல.

சரி, வகுப்புக்கு வருவோம்.

முதல் நாள் மேசையில் ஒரு கை இருக்கும். பிளாஸ்டிக்கில் அச்சடித்தது, விரலுக்குள் தூண்டில் நரம்பு, பின்னால் சின்ன மோட்டார்கள். விலை உயர்ந்த சரக்கு இல்லை. மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பேன். நண்பனோடு நண்பன் இல்லை, வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்துப் பெயர் உள்ளவர்கள். பெண்கள் பெண்களோடு. ஒருத்தர் கை நீட்டணும், மற்றவர் எலெக்ட்ரோடு ஒட்டணும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளணும். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முடி இருந்தால் மழித்து, அதற்குப் பிறகு தசை எங்கே புடைக்கிறது என்று விரலால் அழுத்தித் தேடணும். உங்களை முதலில் செய்யச் சொன்னேனே, அதேதான். அடுத்தவர் கையில் செய்யணும். 'மடக்கு... விடு... மடக்கு... விடு' என்று சொல்லிக்கொண்டே, புரளுகிற இடத்தின் நடுவைக் கண்டுபிடித்து அங்கே ஒட்டணும். ஒரு விரல்கடை தள்ளிப்போனால் பக்கத்துத் தசையின் சிக்னல் கலந்துவிடும். படம் பார்த்து ஒட்ட முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். தொட்டுத்தான் ஆகணும்.

இந்த 'தொட்டுத்தான் ஆகணும்' என்ற இடத்தில்தான் பாடம் எலெக்ட்ரானிக்ஸை விட்டு வெளியே போகிறது.

ஒரு வருஷம் ஒரு பையன். பக்கத்தில் இருந்தவன் காலனிப் பையன். இவன் பேனா மூடியால் எலெக்ட்ரோடைத் தள்ளித் தள்ளி ஒட்டினான். பார்க்க நேர்த்தியாத்தான் இருந்தது. இயந்திரத்தைப் போட்டால் திரை முழுக்க இரைச்சல். அழுத்தி ஒட்டவில்லை, தசையையும் தேடவில்லை. "சார், மெஷின் ரிப்பேர் சார்" என்றான். கை நீட்டியிருந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையை அவன் எடுக்கவும் இல்லை, நீட்டினது நீட்டினபடியே வைத்திருந்தான். நான் மெஷினைப் பக்கத்து மேசைக்கு மாற்றினேன், அங்கே ஒழுங்கா வந்தது. மறுபடி இங்கே கொண்டுவந்தேன், மறுபடி இரைச்சல். இரண்டு வாரம் அவன் மேசையில் கை மூடவே இல்லை. மூன்றாவது வாரம் விரலால் அழுத்தித் தேடி ஒட்டினான், மூடியது. மனம் மாறிவிட்டதா? எனக்குத் தெரியாது. செய்முறை மதிப்பெண்ணுக்காகக்கூட இருக்கலாம். மனம் மாறும்வரை காத்திருப்பது என் வேலைத் திட்டத்தில் இல்லை, தோழர்களே. காந்தியவாதிகள் அதை நிறையச் செய்துவிட்டார்கள்.

அடுத்தது கயிறு. உங்களுக்குத் தெரியும். தென் மாவட்டங்களில் பள்ளிக்கூடத்துக்கே மணிக்கட்டில் நிறம் நிறமாய்க் கயிறு கட்டி வருகிறார்கள். இன்ன நிறம் இன்ன சாதி. 2019-ல் இதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் பழைய நிலையே தொடரும் என்று பின்வாங்கினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது.

என் வகுப்பில் எலெக்ட்ரோடு மொத்தம் மூன்று. இரண்டு தசைமேல். மூன்றாவது, தசை இல்லாத எலும்புமேல் ஒட்டணும். அளவுக்கு அடிப்படைப் புள்ளி அது. அது இல்லாவிட்டால் சுவரில் ஓடும் வயரின் இரைச்சல்தான் திரையில் ஆடும். எங்கே ஒட்டலாம்? மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு மொழி துருத்திக்கொண்டு நிற்குமே, அங்கே. அதாவது கயிறு கிடக்கிற இடத்தில். முழங்கை எலும்பிலும் ஒட்டலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. நான் மணிக்கட்டில்தான் ஒட்டச் சொல்வேன். ஏன் என்று கேட்காதீங்க. (சிரிப்பு) கயிற்றைக் கழட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இடம் வேணும் என்றுதான் சொல்வேன். மேலே தள்ளிக்கொள்கிறவன் உண்டு, கழட்டி சட்டைப்பையில் வைத்துவிட்டு மணி அடித்ததும் கட்டிக்கொள்கிறவன் உண்டு. ஒரு பெண் கழட்டினவள் கட்டவே இல்லை. ஆனால் இதை ஒரு புரட்சியாக யாரும் எழுதிவிட வேண்டாம். 50 நிமிஷம் கயிறு இல்லாத மணிக்கட்டு. அவ்வளவுதான்.

'சிக்னலுக்குச் சாதி இல்லை, எல்லார் ரத்தமும் சிவப்பு' என்று முடித்துக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. அந்த வசனம் நமக்கு ஒரு பிரயோசனமும் செய்ததில்லை. ரத்தம் சிவப்பு என்று தெரிந்துதான் வெட்டுகிறார்கள். உண்மையில் சிக்னல் ஆளுக்கு ஆள் மாறும். தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு குறைவாக இருந்தால் சிக்னல் தெளிவாக வரும். வேலை செய்து இறுகிய மெலிந்த கைதான் என் திரையில் நல்லாப் பேசுகிறது.

அப்படிப் பேசின ஒரு கையைப் பற்றிச் சொல்கிறேன். கதிரடிக்கிற எந்திரத்தில் வலது கை போன அக்கா ஒருத்தர். முன்கையில் பாதி மிச்சம். அவர் முதலில் கேட்டது கை கிடைக்குமா என்று இல்லை. "தம்பி, கை போகல. இருக்குது. மூடியே இருக்குது. நகம் உள்ளங்கையில குத்துது, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஊர்ல செய்வினைங்கிறாங்க" என்றார். செய்வினை இல்லை. கை இழந்தவர்களில் மிகப் பலருக்கு அந்தக் கை இருப்பதாகவே உணர்வு நிற்கும். மூளையில் அந்தக் கைக்கான இடம் காலியாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்க்கிற வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி. இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையை விரித்தால், மூடிக் கிடந்த இல்லாத கையும் விரிவதாகக் கண் சொல்கிறது. சிலருக்கு வலி இறங்குகிறது, எல்லாருக்கும் இல்லை. நாங்கள் செருப்புப் பெட்டியில் கண்ணாடி ஒட்டிச் செய்தோம். அக்காவுக்கு நாலாம் நாள் கை 'விரிந்தது'. நகம் குத்துவது நின்றது என்றார். வலி முழுக்கப் போகவில்லை.

இது வலிக்கு மட்டும் இல்லை, கற்பிக்கவும் இதுதான் வாசல். 'உங்க தசையைச் சுருக்குங்க' என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. நீங்களே சொல்லுங்க, உங்க முன்கைத் தசையைத் தனியாச் சுருக்கத் தெரியுமா? 'இல்லாத கையால பிடிங்க அக்கா, களைக்கொத்தைப் பிடிக்கிற மாதிரி' என்று சொல்லணும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லணும். உடனே திரையில் கோடு எழும்பும். தன் கை பேசுவதைத் தானே பார்க்கிற அந்த நிமிஷம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். உள்பக்கத் தசை எழும்பினால் கை மூடணும், வெளிப்பக்கத் தசை எழும்பினால் திறக்கணும். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே எழும்பும், கை எதையும் செய்யாமல் திணறும். இரண்டையும் பிரிக்கக் கற்பதுதான் பாதிப் பயிற்சி. பத்து நிமிஷத்தில் களைத்துப்போகும். களைத்த தசையின் சிக்னல் மாறும். வேர்த்தால் மாறும். வெட்டுப்பட்ட கையில் புகுத்துகிற கூடு, சாக்கெட் என்கிறோமே, அது கொஞ்சம் நகர்ந்தாலும் மாறும். அதனால் பத்து நிமிஷம் பயிற்சி, அஞ்சு நிமிஷம் ஓய்வு, திரும்பப் பத்து நிமிஷம். வாரக்கணக்கில். அக்காவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் எதைச் செய்தாலும் முழு பலத்தோடுதான் செய்வார். கோடு திரையை விட்டே வெளியே போகும். நாற்று முடியும் கல்லும் மண்சட்டியும் தூக்கிய உடம்பு, முழு பலத்தையும் கேட்டுக் கேட்டே பழக்கப்படுத்தப்பட்ட உடம்பு. அதனிடம் போய், கால்வாசி போதும், மீதியை வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுக்க எங்களுக்கு இருபது நாள் ஆனது. "பாதி வேலைக்கு யாரு தம்பி கூலி குடுப்பா" என்று சிரித்தார்.

பிடிக்கப் பழக முதலில் துணி, அப்புறம் பிளாஸ்டிக் பாட்டில். கடைசியில் காகிதக் கப். இதுதான் பரீட்சை. செயற்கைக் கைக்குத் தொடுவுணர்வு கிடையாது, கப் நசுங்குவது அதுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து, மோட்டார் சத்தத்தைக் கேட்டு, சரியான நேரத்தில் தசையை விடணும். எங்கள் வகுப்பில் ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கில் கப் நசுங்கும். அந்தக் கப்பை வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு. இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடின ஊர்களில் சில டீக்கடைக்காரர்கள் கண்டுபிடித்த மறுவழி இதே கப்தானே. கண்ணாடிக் குவளை அவங்களுக்கு, தூக்கிப் போடுற கப் நமக்கு. 1927-ல் மகாத்தில் அம்பேத்கர் சௌதார் குளத்தில் இறங்கிக் கையால் நீர் அள்ளிக் குடித்தார். கப்பும் இல்லை, குவளையும் இல்லை. அள்ளுகிற கையைச் செய்வது லேசான வேலை இல்லை. தண்ணீரை ஏந்துகிற மாதிரி ஐந்து விரலும் ஒட்டிக் குவிய, வேர்வையும் ஈரமும் தாங்க, அது ரொம்பக் கடினம்.

பயிற்சியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கு. நம் ஆட்களுக்குக் கை கிடைப்பது முகாமில். ஒரு மேடை, ஒரு பேனர், வரிசை. நான் போயிருந்த ஒரு முகாமில் முப்பது நாற்பது பேருக்குக் கை கொடுத்தார்கள். பாதிக்கு மேல் அசையாத கை, ரப்பர் உறை போட்ட காட்சிக் கை. உறையின் நிறம் வெளுத்த ரோஸ். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மைப்போலக் கருத்த தேகம். கருப்புக் கையின் நுனியில் ஒரு வெள்ளைக்காரக் கை. அதை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனால் கை இல்லாததைவிடப் பளிச்சென்று தெரியும். சிலருக்கு மின்சாரக் கையும் கிடைத்தது. எப்படி மூடுவது என்று அஞ்சு நிமிஷம் காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், முடிந்தது. ஆறு மாதம் கழித்து அவர்களில் மூன்று பேர் வீட்டுக்குப் போனேன். மூன்றும் பரண்மேல், டப்பாவோடு. ஒரு வீட்டில் சார்ஜரை வேறு எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 'இவங்களுக்குக் குடுத்தா மதிப்புத் தெரியாது' என்று மேடையில் இருந்தவர்கள் பின்னால் பேசியதாகக் கேள்வி. இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? படிப்பைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும், வீட்டைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். கொடுத்தது கை இல்லை தோழர்களே, கையின் டப்பா. கற்றுக்கொடுக்கும் வரைக்கும் அது கை ஆகாது.

ஏகலைவன் கதையை எல்லா மேடையிலும் சொல்லியாச்சு. நான் வேறொரு கணக்குக்காக எடுக்கிறேன். 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. பல திருத்தங்களோடு நூறாண்டு ஓடியது. உடம்பின் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று விழுக்காடு போட்ட பட்டியல். இரண்டு கையும் போனால் 100. ஒரு கை போனால் 60. முழங்கை நுனியிலிருந்து 11.43 சென்டிமீட்டருக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் 70. அது என்ன 11.43? வெள்ளைக்காரன் போட்ட நாலரை அங்குலம். நான்கு விரல் போனால் 50. பெருவிரல் மட்டும் போனால் 30. துரோணர் வாங்கின தட்சணை 30 விழுக்காடு, சட்டப்படி. கற்பிக்காத பாடத்துக்குக் கூலி. ஆனால் பழைய மின்சாரக் கைகளில் அசைவது பெருவிரலும் அதற்கு எதிரே இரண்டு விரலும்தான், மற்ற இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டு வரும். பெருவிரல் எதிரே வந்து நிற்காவிட்டால் பிடி என்பதே கிடையாது. கை செய்கிறவர்களுக்கு இது தெரியும். வெட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

வெட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பஞ்சாபில் மான்சா மாவட்டத்தில் பந்த் சிங். நிலமற்ற தலித், விவசாயத் தொழிலாளர் அமைப்பாளர், பாடகர். மகளைப் பாலியல் வன்முறை செய்தவர்களை நீதிமன்றம் வரை இழுத்து 2004-ல் ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்தார். 2006 ஜனவரியில் இரும்புக் கம்பிகளால் அடித்து வயலில் போட்டுவிட்டுப் போனார்கள். உடனே சரியான சிகிச்சை கிடைக்கவில்லை, அழுகல் ஏறியது. இரண்டு கையையும் ஒரு காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அவர் மேடையேறிப் பாடினார். இங்கே 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போன பிளஸ் ஒன் மாணவனை இறக்கி வெட்டினார்கள், இடது கை விரல்கள் துண்டாகின. ஏன் கை? எழுதுகிற கை, பறை அடிக்கிற கை, கபடியில் பிடிக்கிற கை. கையை வலங்கை, இடங்கை என்று சாதியாகவே பிரித்து வைத்திருந்த ஊர் அல்லவா இது.

பந்த் சிங் விஷயத்தில் கம்பி பாதி எடுத்தது, தாமதம் மீதியை எடுத்தது. அதனால் களத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்க. துண்டான விரலையோ கையையோ நேராக ஐஸில் போடக்கூடாது, சதை செத்துப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்கணும். தசை அதிகமுள்ள பகுதி என்றால் சுமார் 6 மணி நேரம்தான் கெடு. காவல் நிலையத்தில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருக்க ஒருத்தர் போதும், மற்றவர்கள் மருத்துவமனைக்கு ஓடணும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளை 2016-ல் திருத்தினார்கள். முழுச் செயலிழப்புக்கு 8,25,000 ரூபாய், 50 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 4,50,000, அதற்குக் கீழ் 2,50,000. தமிழ்நாடு 2021-ல் உச்சத் தொகையை 12 லட்சமாக்கியது. நம் தோழர்கள் மனு எழுதும்போது பணம், வேலை, வீடு கேட்கிறார்கள். கேட்கணும். கூடவே கையையும் கேளுங்க என்கிறேன். கை என்றால் டப்பா இல்லை. தன் கையில் அளவெடுத்த சாக்கெட், ஆறு மாதப் பயிற்சி, பயிற்சி நாளுக்குக் கூலி, போய்வர பஸ் காசு, தேய்ந்த உதிரிக்கு மாற்று, கருப்பு நிறத்தில் உறை. பயிற்சி நாளுக்குக் கூலி என்பதை அடிக்கோடிடுங்க. அது இல்லாவிட்டால் தினக்கூலிக்குப் போகிற யாரும் மூன்றாம் நாள் வரமாட்டார்கள். அக்காவே இரண்டு தடவை நின்றுவிட்டார்.

மின்சாரக் கையே வேதம் என்றும் நான் சொல்லவில்லை. சேற்றில் இறங்க முடியாது, தண்ணீர் படக்கூடாது, கனம், சார்ஜ் இறங்கிவிடும், நல்லதாக வாங்கினால் பல லட்சம். வயல் வேலைக்குத் திரும்புகிறவருக்கு, தோளில் வார் போட்டுக் கம்பியால் இழுக்கிற இரும்புக் கொக்கியே மேல். அந்தப் பிளந்த கொக்கியை 1912-ல் செய்தவர் டோரன்ஸ், அமெரிக்காவில் மர அறுவை மில்லில் வலது கையை இழந்தவர். ஒரு நூறாண்டு கழித்து, 2011-ல் தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் ரம்பத்தில் விரல்களை இழந்தார். அவரும் அமெரிக்காவில் இருந்த ஐவன் ஓவன் என்பவரும் சேர்ந்து அச்சடிக்கக்கூடிய கை ஒன்றை வடிவமைத்து, காப்புரிமை போடாமல் எல்லாருக்கும் விட்டார்கள். எங்கள் மேசைமேல் இருக்கிற கையும் இப்படிப் பொதுவில் விடப்பட்ட வரைபடங்களிலிருந்து தேறியதுதான். போன கையின் தேவை, போனவருக்குத்தான் முதலில் தெரிகிறது. அக்கா எங்களிடம் கேட்டது ஐந்து விரல் இல்லை. "அருவாமனைல காய் அரியணும், காய் நழுவாமப் பிடிக்கணும், அதுக்கு என்ன உண்டோ அதைச் செய்" என்றார். மாணவர்கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், இரண்டு விரலோடு, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டி. இன்னும் வெண்டைக்காய் நழுவுகிறது.

பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. புராஜெக்ட் என்று கடையில் காசு கொடுத்து வாங்கி வைக்கிறீங்க. அந்தக் காசில் பாதி இருந்தால் இதைச் செய்யலாம். மாவட்டத்துக்கு ஒரு இடம் போதும். ஒரு அறை, ஒரு கணினி, நாலு பேர். முகாமில் டப்பா வாங்கிப் பரண்மேல் போட்டவர்களின் பட்டியலை இயக்கத் தோழர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். பட்டியலோடு போய் அந்தக் கையை இறக்குங்க, பேட்டரி உயிரோடு இருக்கா என்று பாருங்க. பெரும்பாலும் இருக்காது, அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை.

கேள்வி கேட்கிறவர்கள் கேளுங்க. அதற்குப் பிறகு பக்கத்து அறையில் மெஷினை வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் ஒட்டிப் பார்க்கலாம். கையில் எண்ணெய் தேய்த்திருப்பவர்கள் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் ஒட்டணும், நான் ஒட்ட மாட்டேன்.